பாலத்துக்கு அப்பால் வளர்ந்த கால்

வாசகரே, இன்றைக்கு நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது 'வெளியாள் பிரியர்' என்ற இனத்தை. இவர் ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் காணலாம், மேற்கே படுவான்கரையிலும் காணலாம். கோயில் நிருவாக சபையிலும் பள்ளிவாசல் சபையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் ஒன்றிரண்டு தட்டுப்படும். ஆனால் இந்த இனம் தண்ணீரும் உரமும் கண்டு முழு அழகோடு பூத்துக் குலுங்குவது ஓரிடத்தில்தான். உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர் கதிரையில்!

இவரை அடையாளம் காண்பது சுலபம். தன் ஊரில் விளைந்த எதையும் நம்ப மாட்டார். வீட்டுக்குப் பின்னால் வாவி கிடக்கும், அதில் இறால் துள்ளும். இவரோ கொழும்புக் கடையில் உறைந்து கிடக்கும் இறாலைப் பெட்டியோடு வாங்கி, ஐஸ் உருகிவிடாமல் வான் வண்டிக்குள் எட்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். அது மட்டக்களப்பு வாவி இறால் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். வாசிக்க மாட்டார். மகளின் கலியாணத்துக்கு மேளம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும், சமையல்காரர் கண்டியிலிருந்து வருவார், மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருவார். பெண்ணை மட்டும் உள்ளூரில் எடுப்பார்கள். வேறு வழியில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு உங்கள் ஊர்க்காரர் யாராவது நினைவுக்கு வந்து, கட்டுரையை விட்டுவிட்டு அவரைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். படுவான்கரையில், வெல்லாவெளிக்குப் போகும் வழியில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழகத்தின் பெயர் நீலவாவி விளையாட்டுக் கழகம். தலைவர் வல்லிபுரம், நெல் ஆலை வைத்திருக்கிறார். செயலாளர் நான். பதினொரு வருடமாகக் கூட்டறிக்கை எழுதுகிறேன். கை எழுதும், வாய் திறக்காது. ஆகையால் கீழே வரும் குற்றங்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

வல்லிபுரம் கெட்டவர் அல்ல. கழகத்துக்காகத் தன் கைப்பணத்தை அள்ளி இறைப்பவர், தோற்ற நாளில் சோற்றைத் தொடாதவர், மைதானத்தில் யாருக்காவது காலில் அடிபட்டால் தன் வாகனத்தில் தானே ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடுகிறவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கைதான். தனக்குத் தெரிந்த எவனும் திறமைசாலியாக இருக்க முடியாது! ஒருவனுடைய தகப்பனைத் தெரியுமென்றால் அவன் திறமையில் அரைவாசி போய்விடும். தாயையும் தெரியுமென்றால் கால்வாசிதான் மிஞ்சும். வீடு எந்த ஒழுங்கை என்றும் தெரிந்துவிட்டதா? முடிந்தது. அவன் இனி விமானத்தை மூச்சால் ஊதி மேலே கிளப்பினாலும் வல்லிபுரம் கைதட்ட மாட்டார்.

இதை நான் என் கண்ணால் கண்டது நாலு வருடத்துக்கு முன்னால், ஆட்கள் தெரிவு நடந்த ஒரு பின்னேரம்.

எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிற கம்சாயினி ரீச்சர் என்றொருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் மாகாண அணிக்கு விளையாடியவர். சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாமல், கழகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துத் தினமும் பின்னேரம் பயிற்சி கொடுத்தார். இருபத்திரண்டு பிள்ளைகள், நாலு பந்து. அதில் ஒன்று பூசணிக்காய் வடிவம். அந்தப் பூசணிக்காயை நேராக உதைக்கப் பழகிய பொடியன்கள் பதினேழு பதினெட்டு வயதுக்கு வந்தபோது, நல்ல பந்து அவர்கள் காலில் பசுமாதிரி சொன்ன சொல் கேட்டது.

அவர்களில் ஒருவன் நிலோஜன். அன்றைய தெரிவு ஆட்டத்தில் நாலு கோல் அடித்தான். ரீச்சர் அவனைத் தலைவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தலைவர், இவன் ரெண்டு காலாலயும் அடிப்பான். இந்த வருசம் அணியில போடுங்க."

வல்லிபுரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவன் நேசம்மாட மகன்தானே?"

"ஓம்."

"தோணிக்கார ராசன்ட மகன்?"

"ஓம், தலைவர்."

"அந்த மனிசனுக்குச் சைக்கிள்ல ஏறினா இறங்கத் தெரியா. ஆருடயாவது வேலியில சாய்ச்சித்தான் இறங்குவார். அவர்ட மகனுக்கு எங்கால விளையாட்டு வரும்?"

"இப்ப நாலு கோல் அடிச்சானே, பாத்தீங்கதானே?"

"பாத்தன், பாத்தன். காத்து அவன்ட பக்கம்."

"அரைவாசியில பக்கம் மாறித்தானே விளையாடினாங்க?"

வல்லிபுரம் கொஞ்சம் யோசித்தார். "மறுகா காத்தும் மாறியிரிக்கும்" என்றார்.

நிலோஜன் சிரித்தபடிதான் நின்றான். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் அணிக்குத் தண்ணீர் தூக்கினான், சுண்ணாம்புக் கோடு போட்டான், வாவிக்குள் விழுந்த பந்தை நீந்திப்போய் எடுத்து வந்தான். பிறகு ஒருநாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை, சனி ஞாயிறுகளில் ஒரு கழகத்துக்கு விளையாட்டு.

இந்த இடைவெளியில் வல்லிபுரம் சும்மா இருந்தாரா? இறக்குமதி தொடங்கியது. முதல் வருடம் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பந்துக்காப்பாளர் வந்தார். பந்துக்குப் பயமில்லை, மைதானத்து ஓரத்தில் மேய்ந்த எருமைகளுக்குப் பயம். எருமை தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். அடுத்த வருடம் நீர்கொழும்பிலிருந்து வந்த முன்கள வீரருக்கு முதல் ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடம் கால் சுளுக்கியது. பெருவிரலளவு சுளுக்கு. இரண்டு மாதம் நெல் ஆலையின் மேல்மாடியில் படுத்து, நாளுக்கு மூன்று வேளை கோழி சாப்பிட்டு, எட்டுக் கிலோ கூடி ஊர் திரும்பினார். வல்லிபுரம் கலங்கவில்லை. "சுளுக்கு ஆருக்கும் வரும். எண்டாலும் அந்த அஞ்சு நிமிசம் பாத்தீங்களா? என்ன ஒரு நடை!" என்றார்.

ஆட்டம் பழக வந்த உள்ளூர்ப் பொடியன்கள் ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அந்த நடையைப் பார்த்தார்கள். வேறென்ன செய்ய?

கதை சூடுபிடிப்பது போன வருடம்தான். ஏறாவூரில் பஹ்மி என்றொருவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். பந்து, சப்பாத்து, வெற்றிக் கிண்ணம், எல்லாம் விற்பார். நாட்டில் எந்தக் கழகத்தில் யார் விளையாடுகிறார்கள் என்பதும் அவருக்கு அத்துப்படி. கேட்டால் ஆளையும் பிடித்துத் தருவார். கோல் வலை வாங்கப் போன வல்லிபுரத்தோடு நானும் போயிருந்தேன். பஹ்மியின் கைபேசியில் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொடியன் மூன்று பேரை வெட்டி, பந்துக்காப்பாளரையும் படுக்க வைத்துவிட்டு, இடது காலால் தட்டிவிட்டான். எல்லாம் ஏழு விநாடி.

வல்லிபுரம் வலையைக் கீழே போட்டார். "தம்பி, இது ஆரு?"

பஹ்மி எட்டிப் பார்த்தார். "இவரா? இவர் உங்கட ஊர்ப் பொடியன்தானே ஐயா. நிலோஜன்."

"கதைய விடுங்க தம்பி. எங்கட ஊர்ல இப்பிடி ஓடுறவன் ஒருத்தன் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அல்லாவே, உண்மையத்தான் செல்றன். அவர்ட உம்மா நேசம்மா. எனக்கிட்டத்தான் முதல் சப்பாத்து வாங்கின."

"பேர் ஒண்டா இரிக்கும். கொழும்பில நிலோஜன் இல்லையா? தலைமயிரப் பாருங்க, ஓரத்தில வழிச்சி மேல நிறம் அடிச்சிரிக்கி. எங்கட ஊர்ல அப்பிடி வெட்ட ஆக்கள் இல்ல."

பஹ்மி என்னைப் பார்த்தார். நான் கிண்ணங்களைப் பார்த்தேன். இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், கொட்டாவி விட்டேன்.

பஹ்மி அங்கேயே கொழும்புக்கு அழைப்பெடுத்தார். ஊர்க் கழகம் கூப்பிடுகிறது என்றதும் மறுமுனையில் நிலோஜன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தான். காசு எதுவும் வேண்டாம், வந்து விளையாடுகிறேன் என்றான். பஹ்மி அதை அப்படியே வல்லிபுரத்திடம் சொன்னார். தலைவரின் முகம் சுருங்கியது.

"சும்மா வாறானா? அப்ப காலில என்னவோ கோளாறு இரிக்கி."

பஹ்மி திரும்பக் கைபேசியை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். "தம்பி, நீங்க சும்மா வந்தா உங்கள எடுக்க மாட்டாங்க. ஒரு தொகை கேளுங்க, நல்லாக் கேளுங்க. இன்னொண்டு, நேசம்மாட மகன் எண்டு மட்டும் வாயத் தொறந்தியளோ, மறுகாவும் தண்ணி தூக்கத்தான்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நிலோஜன் ஒரு பெரிய தொகை கேட்டான். வல்லிபுரத்துக்கு முகம் மலர்ந்தது. "அதான் பாத்தன். தரமான ஆள்."

அந்த வருடம் மாவட்டக் கிண்ணத்தில் எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டம் வரை வந்திருந்தோம். அதற்கு நாலு கிழமை இருக்க, நிலோஜன் வந்து இறங்கினான். சந்தியில் பாண்ட் வாத்தியம், மாலை, பட்டாசு. பதாகையில் அவன் படத்துக்குக் கீழே 'கொழும்பின் புயலே வருக!' என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். நல்ல கையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஊர்வலம் போகிற வழியெல்லாம் சனம் நின்று, "டேய் நிலோ!", "மச்சான், எப்ப வந்த?" என்று கத்தியது. ஜீப்பில் நின்ற வல்லிபுரம் அவன் காதுக்குள் குனிந்து, "பாத்தீங்களா தம்பி, இந்த ஊர்ச் சனத்துக்கு உங்கட பேர் எப்பிடிப் பாடம் எண்டு" என்றார்.

ஊர்வலம் அவனுடைய வீட்டு வாசலைக் கடந்தது. நேசம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்தார். "மனே! என்ட மனே!" என்று கூப்பிட்டார். நிலோஜன் ஜீப்பிலிருந்து குதிக்கப் போனான். வல்லிபுரம் அவன் தோளைப் பிடித்து அமர்த்தினார். "இப்பவே இறங்கினா ரசிகர்கள் பிய்ச்சிப் போடுவாங்க. வெற்றிக்குப் பிறகு பாப்பம்."

நிலோஜன் தாயைப் பார்த்துக் கையசைத்தான். ரசிகைக்குக் கையசைப்பது மாதிரி. அவன் பின்னர் என்னிடம் சொன்னான்: "எனக்கு அந்த மைதானத்தில ஒருக்கா அந்தச் சட்டையப் போட்டு விளையாடணும் அண்ணன். அதுக்காகத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். ஆனா அந்தக் கை என்ட கை மாதிரி இல்ல."

அவனை நெல் ஆலை மேல்மாடியில் குளிரூட்டி போட்ட அறையில் தங்கவைத்தார்கள். அவனுடைய வீடு அங்கிருந்து மூன்றாவது ஒழுங்கை. ஜன்னலால் பார்த்தால் கூரை தெரியும். காலையில் பாணும் ஜாமும், மத்தியானம் நூடில்ஸ், போத்தல் தண்ணீர். உள்ளூர்ச் சாப்பாடு கொழும்பு வயிற்றுக்கு ஒத்துவராது என்பது தலைவரின் கட்டளை. சின்ன வயதிலிருந்து வல்லிபுரத்தை 'மாமா' என்று கூப்பிட்டவன் இப்போது 'சேர்' என்று கூப்பிட்டான். ஒருநாள் வாய் தவறி 'மாமா' என்றுவிட்டான். வல்லிபுரம் கண் கலங்கிவிட்டார். "நாலு நாளில எவ்வளவு பாசம் பாத்தீங்களா! நம்மட பொடியனுகளிட்ட இது இரிக்கா?"

ஐந்தாம் நாள் நேசம்மா மாங்காய் போட்ட மீன் ஆணமும் சோறும் அடுக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்தார். வல்லிபுரம் அங்கேதான் நின்றார். நானும் நின்றேன்.

"அண்ணன், என்ட மகனப் பாக்க வந்தன்."

"எந்த மகன்?"

"உள்ளுக்க இரிக்கானே, நிலோ."

வல்லிபுரம் அன்பாகச் சிரித்தார். "நேசம்மா, உங்கட மகன் கொழும்புக்குப் போய் ரெண்டு வருசம்."

"ஓம். இப்ப வந்திட்டான்தானே."

"வந்தா வீட்டுக்குத்தானே வருவான்? வீட்டுக்கு வந்தானா?"

"இல்ல."

"அப்ப எப்பிடி வந்தான் எண்டு சொல்றீங்க?"

நேசம்மா அடுக்குச் சட்டியை நீட்டினார். "சரி, இந்தச் சோத்தயாவது குடுங்க" என்றார். வல்லிபுரம் கை கூப்பினார். "வீரர்களுக்கு வெளிச் சாப்பாடு குடுக்கிறல்ல நேசம்மா. கடுமையான சட்டம்."

அவர் வாழ்க்கையில் வெளியிலிருந்து வந்த ஒன்றை வேண்டாமென்றது அந்த ஒரு தடவைதான். அந்த அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். மேல்மாடி ஜன்னலில் நிலோஜன் நின்றுகொண்டிருந்தான்.

இதைக் கேள்விப்பட்ட கம்சாயினி ரீச்சர் நேரே கழக அலுவலகத்துக்கு வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நான் கதவைச் சாத்தினேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. கடதாசி ஒன்று கேட்டு வாங்கி, கடிதம் எழுதினார். மாங்கேணியிலிருந்து கடலுணவுச் சமையலில் அனுபவம் மிக்க ஒரு பெண்மணி இப்பகுதிக்கு வந்திருப்பதாகவும், விளையாட்டு வீரர்களுக்குப் பலம் தரும் உணவு சமைப்பதில் கைதேர்ந்தவர் என்றும், கேட்கும் சம்பளம் சற்று அதிகம் என்றும் அதில் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. நேசம்மா பிறந்தது மாங்கேணியில்தான். வல்லிபுரம் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "மாங்கேணியா? உடன கூப்பிடுங்க!"

அடுத்த நாள் நேசம்மா ஆலைக் குசினிக்குள் சம்பளத்துக்கு வந்தார். சொந்த மகனுக்குச் சோறாக்க மாதச் சம்பளம் வாங்கிய தாய் எங்கள் மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். தலைக்கு ஒரு வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்; வல்லிபுரம் அவரை 'மெடம்' என்று கூப்பிட்டார். நிலோஜன் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு விழுங்காமல் இருந்தான். "காரம் கூடிப்போச்சா தம்பி?" என்று தலைவர் பதறினார். அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வாசகரே, ஒரு பொடியனுக்குக் கதவு திறந்த விதத்தை மற்றப் பொடியன்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்களா? ரீச்சரின் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரிலிருந்து காணாமல் போனார்கள். அதிக தூரமில்லை, சிலர் ஏறாவூரில் கூட்டாளி வீட்டுக்கு, சிலர் தேற்றாத்தீவில் பெரியம்மா வீட்டுக்கு. பத்து நாள் தங்கி, தலைமயிரை வழித்து, மிச்சத்துக்கு நிறம் அடித்து, பஹ்மி எடுத்த ஏழு விநாடிக் காட்சியோடு திரும்பி வந்தார்கள். வல்லிபுரம் ஏழு பேரை வாங்கினார். ஒவ்வொருவரையும் சந்தியில் மாலை போட்டு வரவேற்றோம். பாண்ட்காரர் களைத்துப் போனார். உண்மையான வெளியூர்க்காரர் அணியில் மூன்றே மூன்று பேர்தான்; அவர்களைத்தான் ஊர்ச் சனம் சந்தேகத்தோடு பார்த்தது, இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியவில்லையே என்று.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் வல்லிபுரத்துக்கு ஒரு குறை வந்துவிட்டது. "அணி முழுக்க வெளியாக்கள். பயிற்சி குடுக்கிறது மட்டும் உள்ளூர் ரீச்சரா? ஆக்கள் சிரிக்க மாட்டாங்களா?" கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளரை இறக்கினார். ரீச்சரைக் கூப்பிட்டு, "நீங்க சின்னப் புள்ளையளப் பாருங்க, வளருங்க. வளந்தாப் பிறகு நாங்க வெளிய இருந்து ஆள் எடுத்துக்கொள்றம்" என்றார்.

ரீச்சர் அப்போதும் சண்டை பிடிக்கவில்லை. "பத்து வருசமா நான் இந்தக் கழகத்துக்கு ஆள் வளத்தன் தலைவர். எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கூட நீங்க தரல்ல. பரவாயில்ல" என்றார். மறுநாள் வாவிப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்குப் போனார். அங்கேயும் ஒரு கழகம், அங்கேயும் ஒரு தலைவர், அங்கேயும் அதே இனம். படுவான்கரையிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளர் தேடி வந்திருக்கிறார் என்றதும் அந்தத் தலைவர் எழுந்து நின்று கதிரை கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதப்போவது அந்தக் கழகம்தான்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கரைச் சனமும் வந்திருந்தது. கச்சான் கடலை வண்டிகள், ஐஸ்கிரீம் வான், ஒலிபெருக்கியில் என் குரல். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல், இரண்டாம் பாதியில் நிலோஜன் ஒரு கோல். மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்தான். வல்லிபுரம் எழும்பி ஆடினார், பக்கத்திலிருந்த கொழும்புப் பயிற்றுவிப்பாளரைத் தூக்கிச் சுற்றினார். "வெளியாள் வெளியாள்தான்!" என்று கத்தினார். பிறகு அவர்கள் இன்னொன்று அடித்தார்கள். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது.

நிலோஜன் பந்தை வைத்தான். அடிக்க முன் அவன் ஒரு தடவை எதிரணி வாங்கைப் பார்த்தான். அங்கே கம்சாயினி ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வயதில் அவனுக்குப் பெனால்டி அடிக்கப் பழக்கியவர். அவன் பதற்றத்தில் எந்தப் பக்கம் அடிப்பான் என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தன் பந்துக்காப்பாளருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

வேண்டுமென்றே விட்டானா என்று கேட்காதீர்கள். இல்லை. நன்றாகத்தான் அடித்தான். பந்துக்காப்பாளர் அதற்கு முன்பே அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டார். பந்து அவர் நெஞ்சில் பட்டுத் தெறித்து வாவிக்குள் விழுந்தது.

வல்லிபுரம் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார். இரண்டு கையையும் தலையில் வைத்தார். பிறகு, நாலு கிழமையாக அவர் கண்ணை மூடியிருந்த ஏதோ ஒன்று விழுந்து உடைந்தது மாதிரி, முழு மைதானமும் கேட்கக் கத்தினார்:

"டேய்! நீ நேசம்மாட மகனல்லோடா! எனக்கு அப்பவே தெரியும்டா!"

கோல் அடித்தபோது கொழும்பின் புயல். பெனால்டி தவறிய அதே நொடியில் மூன்றாவது ஒழுங்கை.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. நிலோஜன் மைதானத்தின் நடுவில் தனியாக நின்றான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். நாலு கிழமையாகத் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையை யாரோ தலையிலிருந்து இறக்கிவிட்டது மாதிரி இருந்தது அவன் முகம். குசினிக்காரத் தொப்பியைக் கழற்றிவிட்டு நேசம்மா கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். நடுவர் தடுக்கவில்லை. அம்மாவும் மகனும் மைதானத்தின் குறுக்காக நடந்து, கச்சான் வண்டிகளைத் தாண்டி, வீட்டுக்குப் போனார்கள். கழகச் சட்டையோடேயே போனான். நான் திருப்பிக் கேட்கவில்லை.

நாங்கள் தோற்றோம். வல்லிபுரம் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டார். முகத்தில் புது வெளிச்சம்.

"செயலாளர், நாம தோத்தது ஆளால இல்ல. அவங்கட பயிற்சியால. அந்தப் பயிற்றுவிப்பாளர் அம்மா என்ன மூளை! எழுவான்கரையில எங்க பிடிச்சாங்க அவவ?"

"தலைவர், அது நம்மட கம்சாயினி ரீச்சர்."

"விசர்க் கதை கதைக்காதீங்க. பஹ்மிக்கு அழைப்பெடுங்க. என்ன கேட்டாலும் குடுப்பம்."

ரீச்சர் என்ன கேட்டார் தெரியுமா? பணம் பெரிதாகக் கேட்கவில்லை. பஹ்மியின் கடை முகவரியிட்ட உறையில் ஒரு ஒப்பந்தம் வந்தது. பயிற்சிக்கு முப்பது நல்ல பந்து. பதினெட்டு வயதுக்குட்பட்ட அணிக்குத் தனிச் சப்பாத்து. ஆட்கள் தெரிவில் தலைவர் வாய் திறக்கக் கூடாது. அணித்தலைவர் நிலோஜன், அவன் தன் வீட்டில் இருந்து, தன் தாயின் சோற்றைத் தின்று, நேசம்மாவின் மகன் என்ற பெயரிலேயே விளையாடுவான். வல்லிபுரம் கடைசிப் பக்கம்வரை வாசித்தாரா என்பது எனக்குச் சந்தேகம். உறை ஏறாவூரிலிருந்து வந்ததால் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடம் எங்கள் அணியில் பதினொருவரும் ஊர்ப் பொடியன்கள். தலைமயிர் எல்லாம் கறுப்பாகிவிட்டது. நாலு ஆட்டத்தில் மூன்று வென்றிருக்கிறோம். நிலோஜன் பந்தைத் தவறவிட்டால் வல்லிபுரம் அவனுடைய தகப்பனின் சைக்கிள் வரைக்கும் போய்த் திட்டுவார். அவன் "சரி மாமா" என்பான். அந்தத் திட்டு அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வல்லிபுரம் மாறிவிட்டார் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். போன கிழமை என்னிடம் இரகசியமாகக் கேட்டார், நல்ல ஊர்களில் செயலாளர்கள் எவ்வளவு சம்பளம் கேட்கிறார்கள் என்று.

சிரிக்கிறீர்கள், சந்தோசம். ஆனால் ஒரு விஷயம் கேட்கலாமா? இதை மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கழகச் செயலாளர் எழுதியிருக்கிறான் என்று தெரிந்த உடனே, 'பரவாயில்லை, உள்ளூர் ஆளுக்கு இது போதும்' என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்ளவில்லையா? இதே கட்டுரை சென்னையில் வழவழப்பான அட்டை போட்டு, பின்னட்டையில் தாடி வைத்த ஒருவர் கன்னத்தில் கை ஊன்றிப் பாராட்டி, இரண்டு மடங்கு விலையோடு கப்பலேறி வந்திருந்தால், பென்சிலால் கோடு போட்டு வாசித்திருக்க மாட்டீர்களா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் எழுதுகிறாராமே, அவருடைய புத்தகம் ஒன்றாவது வாங்கியிருக்கிறீர்களா?

என்ன சொன்னீர்கள்? 'அவரா? அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமே' என்றா?

பெயரையும் விலாசத்தையும் தாருங்கள். எங்கள் கழகத்தில் உபதலைவர் பதவி ஒன்று வெற்றிடமாக இருக்கிறது.